பன்னிரண்டு முறை செத்த லேப்டாப்

அத்தியாயம் 4

லேப்டாப் பன்னிரண்டாவது முறையாகச் செத்தபோது மணி பதினொன்று நாற்பது. எங்கள் கண் முன்னாலேயே செத்தது. நாடகத்து ராஜா உடுப்பின் இடது கை பாதி வரைந்திருந்த நிலையில் திரை பொட்டென்று கறுத்தது.

"பாத்தீங்களா! பாத்தீங்களா!" என்று பெரியக்கா நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். முகத்தில் துக்கத்தைவிட வெற்றிதான் அதிகம். டாக்டர் வந்து உட்கார்ந்த நேரத்தில் சரியாக இருமல் வந்துவிட்ட நோயாளியின் சந்தோஷம் அது.

என் அத்தான் இடது காலைத் தூக்கி வலது முழங்காலில் மடித்து வைத்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றார். யோசிக்கிறார் என்று அர்த்தம். தொழில் வட்டாரத்தில் அவருக்குக் கொக்கு என்று பெயர் வந்தது இதனால்தான். மீன் மாட்டும்வரை அசைய மாட்டேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். எத்தனை தடவை குப்புற விழுந்திருக்கிறார் என்பதை என்னைக் கேளுங்கள். நான் அவருடைய மனைவியின் தம்பி. என் அக்கா என்னை அவரிடம் உதவியாளனாகச் சேர்த்துவிட்டது துப்பறிய அல்ல, அவர் சாயும்போது பிடிக்க.

"அத்தான், லேப்டாப் ரிப்பேருக்கெல்லாம் துப்பறியும் நிபுணர் எதுக்கு? கடைல குடுத்தா பாத்துட்டுப் போறான்" என்று காதோரம் சொன்னேன்.

"கடைக்காரன் பாத்தாச்சு மச்சான். மூணு நாள் வச்சிருந்தான். ஒரு தடவைகூட சாகல."

"அப்போ அங்கயே விட்டிருக்கலாம்."

வழக்கு இதுதான். பெரியக்காவும் சின்னக்காவும் சேர்ந்து நடத்தும் தையற்கடை. வாடிக்கையாளர்கள் வைத்த பெயர்கள் அவை. உண்மையில் பெரியக்கா அண்ணி, சின்னக்கா நாத்தனார். பத்து வருஷமாக ஒரே மேசையில் வெட்டி, ஒரே இஸ்திரிப் பெட்டியில் தேய்த்து, ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள். மூன்று வாரத்துக்கு முன்னால் லேப்டாப் சாக ஆரம்பித்தது. பெரியக்கா உட்கார்ந்து பேட்டர்ன், அதாவது துணி வெட்டும் அளவுப்படம், வரைந்தால் மட்டும் சாகும். சின்னக்கா உட்கார்ந்தால் சாகாது. நாத்தனார்தான் ஏதோ செய்கிறாள் என்று பெரியக்கா முடிவு கட்டிவிட்டார். அன்றிலிருந்து பேச்சு வார்த்தை இல்லை.

எங்களைக் கூப்பிட்டது இருவருக்கும் நடுவில் மாட்டிய மனிதர். பெரியக்காவின் கணவர், சின்னக்காவின் அண்ணன், பஸ் டிரைவர். காலையில் டூட்டிக்குக் கிளம்பும் அவசரத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்று கும்பிட்டார்.

"'உப்பு வேணுமான்னு அவகிட்ட கேளுங்க'ன்னு இவ சொல்றா சார். 'வேணாம்னு அவங்ககிட்ட சொல்லுங்க'ன்னு அவ சொல்றா. நடுவுல நான் நிம்மதியா சாப்பிட்டு மூணு வாரமாச்சு."

இன்றைக்கு அது முற்றிவிட்டது. நாடகக் குழு ஒன்றுக்குப் பத்தொன்பது உடுப்புகள். பேட்டர்ன் மூன்று மணிக்குள் போய்ச் சேராவிட்டால் வேலை வேறு கடைக்குப் போய்விடும். போனால் சின்னக்காவும் தன் மெஷினோடு போகவேண்டியதுதான் என்று பெரியக்கா அறிவித்துவிட்டார். சின்னக்காவும் ரோஷக்காரர். மூன்று மணிக்கு வேன் சொல்லிவிட்டார். அவருடைய தையல் மெஷின் கயிறு கட்டி வாசலோரம் தயாராக நின்றது. அதைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

"செத்ததும் என்ன பண்ணுவீங்க?" என்று அத்தான் கேட்டார்.

"பட்டனை அழுத்திப் புடிச்சுக்கிட்டுப் பத்து எண்ணுவேன். அப்புறம் விட்டு ஆன் பண்ணுவேன். உயிர் வரும். ஆனா கடைசியா வரைஞ்சது போயிருக்கும்." சொல்லிக்கொண்டே பெரியக்கா அதைச் செய்தும் காட்டினார். இடது கையை லேப்டாப் மேல் ஆதரவாக வைத்துக்கொண்டு வலது கட்டைவிரலால் பட்டனின் கழுத்தை நெரித்தார். அவர் இடது மணிக்கட்டில் கடிகாரம் மாதிரி ஒரு பட்டை, அதன் வில்லை முழுக்கக் குண்டூசிகள். கோபத்தில் அவை வெடவெடவென்று ஆடின.

"வீட்ல பயன்படுத்துவீங்களா?"

"ராத்திரி படம் பாப்பேன். அப்போ சாகாது."

"ஏன்?"

"அப்போ அவ தூங்கிருவா!"

அத்தான் மேசையின் மறுமுனைக்குத் திரும்பினார். அங்கே சின்னக்கா ராணி உடுப்பின் கீழ் மடிப்பை மடித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க என்னம்மா சொல்றீங்க?"

"ம்ம்."

"லேப்டாப்ப நீங்க ஏதாவது பண்ணீங்களா?"

"ம்ஹூம்."

"அண்ணி மேல கோபமா?"

"ம்ம்ம்."

அத்தான் நோட்டுப் புத்தகத்தை எடுத்து, 'மௌனம். ஆழமான பெண். கவனிக்கவும்' என்று எழுதினார். எட்டிப் பார்த்த நான், "அத்தான், அவங்க வாய்ல ஏழு குண்டூசி இருக்கு" என்றேன். அவர் அந்த வரியை அடித்தார்.

அடுத்து ஆராய்ச்சி. லேப்டாப் ஒரு வெல்வெட் துணி அடுக்கின் மேல் சொகுசாக உட்கார்ந்திருந்தது. அத்தான் அதைத் தூக்கி அடிப்பாகத்தைத் திருப்பினார். காற்று போகும் துளைகள் முழுக்கப் பிசிறு. ஒரு குண்டூசியால் நோண்ட, கலர் கலராக வந்துகொண்டே இருந்தது. பத்து வருஷத்து உடுப்புகள் எல்லாம் அதற்குள் தங்கள் அஸ்தியைக் கரைத்துவிட்டுப் போயிருந்தன.

"மூச்சுத் திணறல்!" என்று அத்தான் முழங்கினார். "மெத்தை மேல உக்கார வச்சு, மூக்குல பஞ்சும் அடைச்சா எது உயிரோட இருக்கும்? மச்சான், பிரஷ் எடு!"

தையல் மெஷினில் தூசி தட்டும் பிரஷ்ஷால் நான் துடைத்தேன். மெத்தையை எடுத்துவிட்டு மரப்பலகை வைத்தோம். அத்தான் உட்கார்ந்து சீட்டாட்டம் ஆடிப் பார்த்தார். சோதனைக்காகத்தான் என்றார். நாற்பது நிமிஷம் சோதித்தார். ஐந்து ஆட்டத்தில் தோற்றார், லேப்டாப் மட்டும் கல்லுமாதிரி நின்றது.

"வழக்கு முடிஞ்சது" என்று எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "குற்றவாளி, பிசிறு."

பெரியக்கா உட்கார்ந்தார். ராஜாவின் இடது கையை மறுபடி வரைந்தார். முழங்கை வந்தது. மணிக்கட்டு வந்தது. நான் என் அக்காவுக்கு 'ஜெயிச்சாச்சு' என்று செய்தி அனுப்பினேன். அது போய்ச் சேர்வதற்குள் திரை கறுத்துவிட்டது.

பதிமூன்று.

"பிசிறு மறுபடி வந்துருச்சா சார்?" என்று பெரியக்கா கேட்ட தொனியில் மரியாதை பாதிதான் மிச்சமிருந்தது. சின்னக்காவின் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வாயில் ஊசி இல்லையென்றால் அது சிரிப்பாக இருந்திருக்கும்.

பெரியக்காவின் கட்டைவிரல் பட்டனை நோக்கிப் பாய்ந்தபோது நான் ஒன்றைக் கவனித்தேன். லேப்டாப்பின் ஓரத்தில் கடுகளவு விளக்கு ஒன்று மெதுவாக எரிந்து மெதுவாக அணைந்துகொண்டிருந்தது.

"அத்தான், பிணம் மூச்சு விடுது."

"உளறாத."

ஒரு உதவியாளனின் வாழ்க்கையில் பாதி இப்படித்தான் போகிறது. பத்து எண்ணி முடித்ததும் அந்த விளக்கும் நின்றுபோனது.

மணி ஒன்றரை. அத்தான் மறுபடி ஒற்றைக் காலில் நின்றார். அவர் காது சிவந்திருந்தது. இந்த முறை வேறு வழி. குற்றம் நடக்கும்போதெல்லாம் சந்தேகத்துக்குரியவர் இதே அறையில் இருக்கிறார். அவரை வெளியேற்றிப் பார்க்க வேண்டும்.

"மச்சான், இவங்களக் கூட்டிக்கிட்டு எதிர்ச் சாரிக்குப் போ. கண்ணிமைக்காம காவல் இரு."

எதிர்ச் சாரியில் பூட்டுச் சாவிக் கடையின் நிழலில் நின்றோம். சின்னக்கா வாயிலிருந்து குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். பேச ஆரம்பித்தார். நிறுத்தவே இல்லை.

"மூணு வாரமாண்ணே! என் முகத்தப் பாத்து ஒரு வார்த்தை இல்ல. கத்தரி வேணும்னா மெஷினப் பாத்து 'கத்தரி எங்க?'ன்னு கேக்கறாங்க. நானும் மெஷினப் பாத்து 'உங்க மடியில'ன்னு சொல்றேன். நானா அவங்க லேப்டாப்ப கெடுப்பேன்? அவங்களுக்கு ஒண்ணுன்னா எனக்கு உயிரே போயிரும்ணே. போன மாசம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினது யாரு?"

"ஆஸ்பத்திரியா?"

"நான் ஒரு ஜோக் சொன்னேன். அண்ணி வாயில ஊசி வச்சிருந்தாங்க. சிரிச்சாங்க. ஒரு ஊசியக் காணோம். முழுங்கிட்டாங்கன்னு நெனச்சு நான் அழுத அழுகைல நர்ஸ் எனக்குத்தான் முதல்ல கட்டில் போட்டாங்க. படம் எடுத்துப் பாத்தா வயித்துல ஒண்ணும் இல்ல. ஊசி அண்ணி ரவிக்கைல மாட்டிட்டு இருந்துச்சு. அன்னிலேர்ந்து அவங்க வாயில ஊசி வைக்கறதே இல்ல."

ஒரு துப்பறியும் உதவியாளன் இந்த இடத்தில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நான் அதைக் கேட்கவில்லை.

"அந்த ஜோக் என்ன?" என்றேன்.

அவர் சொல்ல வாயெடுத்தபோது கடைக்குள்ளிருந்து அலறல் கேட்டது.

பதினான்கு.

உள்ளே ஓடினோம். சின்னக்கா நடுவழியில் என் கையைப் பிடித்து உலுக்கினார். "நான் இங்க இருந்தேன்ல? நீங்க பாத்தீங்கல்ல? சாட்சி சொல்லுங்கண்ணே!" அவர் கண் கலங்கியிருந்தது. குற்றமற்றவர் என்று நிரூபணம் ஆனதில் இத்தனை சந்தோஷப்பட்ட ஒருவரை நான் பார்த்ததில்லை.

பெரியக்கா அசைந்துகொடுக்கவில்லை. சுவரைப் பார்த்து, "தூரத்துலேர்ந்து பண்ற மாதிரி ஏதாவது வச்சிருப்பா" என்றார். ஆனால் குரல் முன்போல் உறுதியாக இல்லை.

"அத்தான், மணி ரெண்டு பத்து."

"தெரியும்."

"வேன் மூணுக்கு."

"தெரியும்யா!" என்று திரும்பிய வேகத்தில் ஒற்றைக் கால் தடுமாறியது. நான் பிடிக்கப் பாய்ந்தேன். பிடித்துவிட்டேன். ஆனால் அவருடைய முழங்கை குண்டூசி டப்பாவைத் தட்டிவிட்டது. மேசை, தரை, லேப்டாப் எங்கும் ஊசி மழை. நான் முட்டி போட்டுப் பொறுக்க ஆரம்பித்தேன். அத்தான் பொறுக்கவில்லை. லேப்டாப் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செங்குத்தாக நின்ற திரையின் சட்டத்தில், இடது மேல் மூலையில், ஒரு குண்டூசி தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதை விரலால் தட்டினார். விழவில்லை.

"மச்சான், ஏழு குண்டூசின்னு எண்ணினியே, அது யாரு வாய்ல?"

"சின்னக்கா வாய்ல."

"பெரியக்கா வாய்ல?"

"அவங்க இப்போ வைக்கறதில்ல. முழுங்கிட்டாங்கன்னு ஒரு கதை இருக்கு, அப்புறம் சொல்றேன்."

"அப்போ ஊசிய எங்க வைக்கறாங்க?"

நான் கேட்கத் தவறிய கேள்வி அதுதான். எல்லோரும் பெரியக்காவின் இடது மணிக்கட்டைப் பார்த்தோம்.

அத்தானின் இரண்டு காலும் தரையில் ஊன்றின. மீன் மாட்டிவிட்டது.

"அந்தப் பட்டையக் கழட்டிக் குடுங்கம்மா."

வாங்கினார். லேப்டாப்பை உயிர்ப்பித்தார். ராஜா பாதிக் கையோடு திரையில் வந்தார். அத்தான் பட்டையைக் கொண்டுபோய், விசைகளுக்குக் கீழே உள்ளங்கை வைக்கும் இடத்தின் இடது மூலையில் வைத்தார். திரை கறுத்தது. ஓர விளக்கு மெதுவாக எரிந்து மெதுவாக அணைந்தது. பட்டையை எடுத்து, பட்டனை லேசாகத் தொட்டார். ராஜா அப்படியே திரும்பி வந்தார். ஒரு கோடுகூடக் குறையவில்லை.

மறுபடி வைத்தார். கறுத்தது. எடுத்துத் தொட்டார். வந்தார்.

"போதும் அத்தான், ராஜாவுக்குத் தலை சுத்தும்" என்றேன்.

"லேப்டாப்ப மூடினா தூங்கிரும் இல்லையா?" என்றார் அத்தான். "மூடியாச்சுன்னு அதுக்கு எப்படித் தெரியும்? திரையோட இந்த மூலையில ஒரு குட்டிக் காந்தம் இருக்கு. ஊசிய அதுதான் புடிச்சிருக்கு. மூடும்போது அது நேரா கீழ இருக்கற இடது மூலைக்கு வருது. காந்தம் வந்தா, சரி, மூடிட்டாங்கன்னு தூங்கிருது. உங்க பட்டையிலயும் காந்தம். ஊசி ஒட்டறது அதனாலதான். நீங்க கை வச்சு வரையறப்பல்லாம், பாவம் அது, மூடிட்டாங்கன்னு நெனச்சுப் படுத்துரும். கடைக்காரன்கிட்ட மூணு நாள் இருந்தப்போ உங்க பட்டை பக்கத்துல இல்ல. ராத்திரி படம் பாக்கறப்பவும் கையில இருக்காது."

"அப்போ அது சாகவே இல்லையா?"

"பதினாலு தடவையும் தூங்கத்தான் செஞ்சுது. தூங்கினதக் கழுத்த நெரிச்சுக் கொன்னது நீங்க."

பெரியக்கா மெதுவாக உட்கார்ந்தார். நான் மணி பார்த்தேன். இரண்டு இருபது.

"மூச்சு விடுதுன்னு நான் அப்பவே சொன்னேன்" என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை.

"ஒரே ஒரு கேள்வி பாக்கி" என்றார் அத்தான். "மூணு வாரத்துக்கு முன்னாடி இது உங்க கையில இல்ல. யாரு குடுத்தது?"

பெரியக்கா அத்தான் கையிலிருந்த பட்டையைப் பார்த்தார். சின்னக்கா குனிந்து மடிப்பைப் பார்த்துக்கொண்டார். மறுபடி வேலையில் உட்கார்ந்ததும் பழக்க தோஷத்தில் ஊசிகளை வாயில் போட்டுக்கொண்டிருந்தார்.

"அவதான்" என்றார் பெரியக்கா. "ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த மறுநாள். தேடி அலைஞ்சு வாங்கிட்டு வந்தா. இனிமே வாயில வைக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா."

"அப்போ நீங்க சொன்னது சரிதாங்க்கா" என்றேன் நான். "குற்றவாளி சின்னக்காதான்."

"வாய மூடு மச்சான்" என்றார் அத்தான், ஆனால் கோபமில்லாமல். "ஒண்ணுதான் வாங்கியிருக்காங்க. தனக்கு வாங்கிக்கல. இன்னும் வாய்லயேதான் வச்சிருக்காங்க. வந்தவுடனே அதத்தான் நான் பாத்திருக்கணும்."

பெரியக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பேச நேரமில்லை. பட்டையைத் தூரமாக வைத்துவிட்டு வரைய ஆரம்பித்தார். ராஜாவின் மணிக்கட்டு வந்தது, கை மடிப்பு வந்தது, கழுத்துப் பட்டி வந்தது. நாங்கள் மூவரும் பின்னால் மூச்சுப் பிடித்து நின்றோம். நடுவில் ஓர் அளவு மறந்துபோய்ப் பெரியக்காவின் கை நின்றது. அவர் மெஷினைத் தேடினார். மெஷின் வாசலில் கட்டிக் கிடந்தது.

சின்னக்கா ஒரு சீட்டில் 'பதினாறரை' என்று எழுதி முன்னால் நீட்டினார். பெரியக்கா வாங்கிக்கொண்டார்.

இரண்டு ஐம்பத்தேழுக்குப் பேட்டர்ன் போய்ச் சேர்ந்தது. இரண்டு ஐம்பத்தெட்டுக்கு 'கிடைத்தது' என்று பதில் வந்தது. பெரியக்கா எழுந்து, நேராக வாசலுக்குப் போய், மெஷினைக் கட்டியிருந்த கயிற்றின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். பத்து வருஷமாகத் தைப்பவர் போட்ட முடிச்சு. அவிழவில்லை. கத்தரிக்கோலை எடுத்து ஒரே வெட்டாக வெட்டினார்.

வேன் வந்து ஹாரன் அடித்தது.

"அந்த வேன்காரர்கிட்ட அத்தானையும் என்னையும் வீட்ல விடச் சொல்லுங்க. வந்ததுக்கு ஏதாவது ஏத்தணும்ல" என்றேன்.

பெரியக்கா திரும்பி வந்து பட்டையைக் கையில் மாட்டிக்கொண்டார். எதையோ சொல்ல நினைத்தவர் போல மேசையருகே நின்றார். ஆதரவுக்காக இடது கையை மெதுவாக ஊன்றினார். லேப்டாப் மேல்.

திரை கறுத்தது.

அவருடைய கட்டைவிரல் பட்டனுக்குப் பாய்ந்தது.

"அழுத்தாதீங்க!" என்று அத்தான் கத்தினார். "அழுத்தாதீங்க!" என்று நான் கத்தினேன். "ம்ம்ம்ம்ம்!" என்று சின்னக்கா வாயில் ஏழு ஊசியோடு கத்தினார். பெரியக்கா கட்டைவிரலை ஆகாயத்தில் வைத்துக்கொண்டு அப்படியே சிலையாக நின்றார். அந்தக் கோலத்தைப் பார்த்து சின்னக்காவின் தோள் குலுங்க ஆரம்பித்தது. முகம் சிவந்தது. கண்ணில் நீர் முட்டியது.

"ஏய், வாயில ஊசியோட சிரிக்காதடி!" என்று பெரியக்கா அலறினார்.

மூன்று வாரத்தில் சின்னக்காவிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது. சொன்னது தனக்கே உறைத்ததும் அவர் குரல் இறங்கிப்போனது. இடது மணிக்கட்டை நாத்தனாரின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இங்க போடு."

சின்னக்கா வாயிலிருந்து ஒவ்வொரு ஊசியாக எடுத்து நீட்டினார். விரலை விட்டுத் தாவிப்போய் அண்ணியின் கையில் ஒட்டிக்கொண்டன. டிக். டிக். டிக். ஏழும் போனபிறகு, "இப்போ சிரிக்கலாமா அண்ணி?" என்று கேட்டார்.

"இரு. முதல்ல அந்த ஜோக்க இன்னொரு தடவ சொல்லு" என்றார் பெரியக்கா.